மீதி

ராயப்பன் மீலோ டின்னைக் கவிழ்த்தார்.
எட்டு மாதம், பதினாறு எடைச் சீட்டு.
மூவாயிரத்து நானூறு.
மூவாயிரத்து நூறு. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
"என் பத்து ஏக்கர் செம்பனை மட்டும்
நூறு நூறாத்தான் காய்க்குதாம்மா?"

தராசுக்கு அரசாங்க முத்திரை இருக்கிறது என்றார் மேனேஜர் ரோஸ்லி.
இருந்தது. ஈயத்தில், கம்பி அறுபடாமல்.
லோரி ஏறியதும் உள்ளே சிவப்பு எண்கள் துடித்து நின்றன.
வெறும் லோரியைக் கழித்தால் மூவாயிரத்து எண்ணூற்று எழுபது.
சீட்டில் எழுபது இல்லை.
இடையில் மூன்று மீட்டர் கேபிள்,
பல்லி முட்டையிட்ட ஒரு பழைய கணினி.

மூல நிரலைக் கேட்டேன்.
இடி விழுந்த வருசம் டிஸ்க்கோடு போச்சு என்றான் கிராணி பூவேந்தன்.
மிச்சம், தொகுத்த கோப்புகள்.
மனிதர் படிப்பதற்கென்று இல்லாதவை.

கறுப்புத் திரை. தொகுத்ததைப் பிரித்துக் காட்டும் கட்டளை,
ஒரு சிறு கோடு, டி, கோப்பின் பெயர். என்டர்.
ஊத்தான் மெலிந்தாங் முழுக்கக் கேட்க ஆலைச் சங்கு ஊதி ஓயும் முன்
நாலாயிரம் வரி ஓடி முடிந்திருந்தது.

இடப்பக்கம் முகவரி. எல்லாக் கோப்பும்
பூஜ்யத்திலிருந்தே தொடங்குகிறது,
தனக்கு முன்னால் யாருமில்லை என்பதுபோல.
நடுவில் இரண்டிரண்டாய் எண்கள்.
வலப்பக்கம் வினைகள்:
நகர்த்து, தள்ளு, ஒப்பிடு, தாவு.
எழுவாய் எங்கும் இல்லை.

சீட்டு அச்சிடும் கோப்பில் ஓர் அழைப்பு.
யாரை என்ற இடத்தில் எட்டு பூஜ்யம்.
இணைக்கும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்று
காலியாக விட்டது.
அதைத் தாண்டிப் போனேன். நான் தேடியது வகுத்தலை.

வகுத்தலே இல்லை.
இந்த எந்திரம் நூறால் வகுக்க வேண்டுமென்றால்
ஏதோ ஒரு ராட்சத எண்ணால் பெருக்குகிறது,
கீழ்ப்பாதியை உதறுகிறது,
இன்னும் ஐந்து இடம் வலப்பக்கம் நகர்த்துகிறது.
பழைய சீட்டின் முதுகில் மூன்று முறை போட்டுப் பார்த்து
பிறகுதான் நம்பினேன்.
அடுத்த வரி: அறுபத்து நான்கால் பெருக்கு.
அங்கே அறுபத்து நான்கு என்றால் நூறு.
எழுபது போன வழி இது.

யார் வேலை என்று மேலே உருட்டினேன்.
எடை போடுவதற்கு மலாயில் திம்பாங்.
இங்கே ஏ-யும் என்-னும் இடம் மாறிக் கிடந்தது.
என் விரல்கள் இன்றுவரை அப்படித்தான் தட்டும்.

இருபத்திரண்டு வயது, மூன்று மாத ஒப்பந்தம்.
மாத அறிக்கைக்கு டன் கணக்கு, புள்ளிக்குப் பின்
ஓர் இலக்கம் போதும் என்றார்கள். வெட்டினேன்.
"அறிக்கைக்கு மட்டும்" என்று மேலே ஒரு குறிப்புகூட எழுதினேன்.
குறிப்புகளைத் தொகுப்பான் விழுங்கிவிடும்.

திரும்பிப் போய், கட்டளையில் ஆர் சேர்த்து
அந்த எட்டு பூஜ்யங்களைக் கேட்டேன்.
கீழே அதே பெயர், அதே பிழையோடு.
எனக்குப் பின் வந்த யாரோ
திருத்தாமல் கூப்பிட்டிருக்கிறார்.

சீட்டுப் பிரிண்டர் கறகறவென்று அந்தப் பக்கத்தைக் கக்கியது.
ராயப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"இதுல அந்த எழுபது எங்க இருக்கு?"
இல்லை என்றேன். மீதியை இது எடுத்து வைக்கவில்லை,
மீதி என்ன என்று கணக்கிடவே இல்லை.
"இது என்ன பேரு? இப்படி ஒரு வார்த்தை கெடையாதே."
"கெடையாது. நான் எழுதினது."

பேன் இரண்டு சுற்று சுற்றியிருக்கும்.
சீட்டுகளை ஒவ்வொன்றாய் டின்னில் போட்டார்.
பதினாறாவதைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு,
"சராசரி எவ்வளவு போடலாம், சீட்டுக்கு?"
"நாப்பத்தஞ்சு."
"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு.
பேரு சரியா எழுது."